ஒரு ஸ்பூன் தண்ணீர்

யாராவது தண்ணீர் குடித்தால் நான் அவர்களுடைய தொண்டையைப் பார்க்கிறேன். கல்யாணப் பந்தியில், பஸ் நிலையத்தில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகிறது. மதிய இடைவேளையில் பிள்ளைகள் குழாயடியில் கையைக் குவித்துக் குடிக்கும்போது, ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கிவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். ஒரு பிள்ளைக்குப் புரையேறினால் ஓடிப்போய்க் குனிய வைத்து முதுகைத் தட்டுவேன். என் கணவர் சில நாள் வேண்டுமென்றே மடக் மடக்கென்று சத்தம் வரக் குடித்துவிட்டு, "எறங்கிருச்சுங்க டீச்சரம்மா" என்பார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொல்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன்.

இந்தப் பழக்கம் என் மூத்த மகளின் பிரசவத்தோடு வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். கணவருக்கு விவசாயம். குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் போடுவார். நான் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. மகளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். தலைப்பிரசவம் என்பதால் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ராசிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். கார் வைத்து அழைத்துவந்தோம்.

பங்குனி வெயில். வீட்டின் மேற்குப் புற அறையில் அவளைப் படுக்க வைத்தோம். காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைச் செருகியிருந்தோம். ஓட்டுக்கூரை மத்தியானத்தில் அடுப்புமாதிரி காயும். அந்த அறைக்குள் அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பிரசவ மருந்தைத் தின்றுகொண்டு கிடந்தாள். தண்ணீர் மட்டும் கொடுக்க மாட்டோம்.

எங்கள் பக்கத்தில் அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும், வயிறு உப்பி அப்படியே நின்றுவிடும், பால் நீர்த்துப்போய்க் குழந்தைக்குச் சளி பிடிக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு, சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒரு சின்ன டம்ளர். அதுவும் ஆற விடாமல் உறிஞ்ச வேண்டும். நானும் அப்படித்தான் பெற்றேன். என் கணவரின் அக்காவும் அப்படித்தான் பெற்றார். மகளைப் பார்த்துக்கொள்ள அவர்தான் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். கைராசிக்காரர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். பிரசவமான வீட்டில் அவர் சொல்வதற்கு மறுபேச்சுக் கிடையாது.

மகள் முதலில் கேலியாகத்தான் கேட்டாள்.

"அத்தே, கன்னு போட்ட மாட்டுக்குத் தொட்டி நெறையத் தண்ணி காட்டறீங்க. நா மாட்டைவிடக் கேவலமாப் போயிட்டனா?"

"மாட்டுக்கு நாலு காலு, உனக்கு ரெண்டுதான? பேசாம படு அம்முணி" என்றார் நாத்தனார்.

நான் கதவோரம் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு கேலி போய்விட்டது. "அம்மா, நாக்கு ஒட்டுதும்மா. ஒரே ஒரு வாயி" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் "கொஞ்ச நாளு பொறுத்துக்க சாமி" என்பேன். ஒரு காலை பல் விளக்கும்போது, கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரை அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் வாய் கொப்பளிக்கும்போது பக்கத்தில் நின்று, துப்புகிறாளா என்று தொண்டையைப் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்புக்கு, உடம்புக்குத் தண்ணீர் ஏன் வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். அந்தப் பாடத்துக்கும் மேற்கு அறைக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. வீட்டில் மகள் இருந்தாள்.

அவளுக்குத் தலைவலி வந்தது. சூடு என்றார் நாத்தனார். துணியை இறுக்கிக் கட்டினோம். சாம்பிராணி போட்டோம். வலி விடவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றாள். ஜன்னல் இடுக்கில் இன்னொரு துணியைச் செருகினேன்.

ஒரு மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இவன் கனக்கறான்" என்றாள். அள்ளி எடுத்தால் கையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிற பிள்ளை. நான் வாங்கப் போவதற்குள் அவளுடைய வலது கை தானாகக் கீழே விழுந்தது. குழந்தை மடியில் சரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அவள் உடம்பு வெட்டிவெட்டி இழுக்கிறது.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். இழுப்பு நின்றதும், மூச்சு வாங்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்போது அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், "தண்ணி கொண்டாங்க, தண்ணி ஊத்துங்க!" பிள்ளை பெற்று வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு யாரும் ஒரு வாய் பச்சைத் தண்ணீர் கொடுக்கவில்லை. இப்போது சொம்பும் குடமுமாக வந்தது. நாத்தனார் கைக்கு எட்டியது குழந்தையின் பாலாடை. மூக்கு வைத்த அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு, குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரியே கன்னத்தின் ஓரமாகச் சரித்து ஊற்றினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே போய் அடித்தொண்டையில் கொப்பளித்தது. அவள் இருமக்கூட இல்லை. "போகுது, போகுது, நல்லா முழுங்கறா" என்றார் நாத்தனார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கடைசியில் அவளுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பங்காளி வீட்டு அம்பாசிடர் காரில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, நானும் கணவரும் அவளை மடியில் போட்டுக்கொண்டு. வழி முழுக்க அவள் மூச்சில் ஒரு கரகரப்பு. ராசிபுரம் தாண்டும்போது அவர் காரை நிறுத்தச் சொல்லி, "ஒரு சோடா வாங்கி வாயில ஊத்தலாமா?" என்று கேட்டார். கடை சாத்தியிருந்தது. அதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார், அவ்வளவுதான்.

அவசரப் பிரிவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். சின்ன வயது. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்ததை முடியக்கூட நேரமில்லாமல் ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். மகளின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். கையைக் காலைத் தூக்கி விட்டுப் பார்த்தார். பக்கவாதம் என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"வாயில ஏதாவது குடுத்தீங்களா?"

"தண்ணிதானுங்க" என்றார் என் கணவர். "மயக்கம் தெளியட்டும்னு."

"படுக்க வெச்சா?"

கணவர் தலையாட்டினார். அவர் ஸ்டெதாஸ்கோப்பை மகளின் முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அவளுக்கு நினைவு திரும்புவதற்குள் வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குழறிக் குழறி வந்த முதல் வார்த்தை, "தண்ணி."

நான் எழுந்தேன். கூஜா எதிரிலேயே இருந்தது. டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இருங்கம்மா. முழுங்க வருதான்னு பாத்துட்டுத்தான்."

விழுங்க வருமா என்று பார்ப்பார்கள் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கையும் காலும் விழுவது தெரியும். வாய் கோணுவது தெரியும். தொண்டைக்கும் வாதம் வரும் என்று யாரும் சொன்னதில்லை. நர்ஸும் டாக்டருமாக அவளைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். நாக்கு ஒரு பக்கமாகப் போனது. இருமச் சொன்னார்கள். மூச்சுத்தான் வந்தது, இருமல் வரவில்லை. ஒரு குச்சியால் அடித்தொண்டையைத் தொட்டார்கள். பிறகு டாக்டர் ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்தார். நிறைய அல்ல, அடியில் கொஞ்சம். அதை நாக்கின் மேல் விட்டுவிட்டு, மகளின் தொண்டைமேல் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"முழுங்கும்மா."

அவள் முழுங்கினாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. உதட்டோரத்தில் கொஞ்சம் வழிந்தது. டாக்டர் விரலை எடுக்கவில்லை.

"ஆ சொல்லு."

"ஆ" என்றாள். அது அவள் குரல் இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் நின்றுகொண்டு, அதன் மேல் காற்று குமிழி விடுகிற மாதிரி ஒரு குரல். கொஞ்சம் கழித்துத்தான் இருமல் வந்தது. முகம் கறுத்துவிட்டது. நர்ஸ் அவளைக் குனிய வைத்து முதுகைத் தட்டினார்.

"வாய் வழியா ஒண்ணும் கூடாது" என்றார் டாக்டர். "தண்ணி, பால், இளநீர், தீர்த்தம், எதுவுமே. சாப்பாட்டுக் குழாய்க்குப் போறதுக்குப் பதிலா நுரையீரலுக்குப் போகுது. இருமினா நமக்குத் தெரியும். இருமாமலே போறதுதான் பயம். வீட்டுல ஊத்தினது அப்படித்தான் போயிருக்கு."

இருமாமல் நன்றாக விழுங்குகிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

பிறகு அவர் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா, ரத்தம் அதிகம் போனதா. கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று, "தண்ணி குடிக்க விட்டீங்களா?" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "எங்க பக்கம் வழக்கமுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார். "பிள்ளை பெத்தப்பறம் ரத்தம் உறையற சுபாவம் ஜாஸ்தி. தண்ணியும் இல்லேன்னா இன்னும் கெட்டியாகும். மூளைக்குள்ள ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. இதனாலதான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஆனா குடுத்திருக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டு அதில் கஞ்சியும் பாலும் ஊற்றினார்கள். கையில் குளுக்கோஸ். அவளுக்கு வேண்டிய தண்ணீர் உடம்புக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாய்க்கு அது தெரியவில்லை. பேச்சு முக்கால்வாசி போய்விட்டிருந்தது. பிள்ளை என்று சொல்ல வராது. அப்பா என்று சொல்ல வராது. தண்ணி என்கிற ஒரு சொல் மட்டும் துல்லியமாக வந்தது. இடது கையைத் தூக்கி வாய்க்கு நேரே கொண்டுபோய், "தண்ணி" என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் மறுபடியும் சொல்வாள்.

வீட்டில் ஊற்றிய தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. காய்ச்சல் கொதித்தது. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, இதைத் தாண்டிவிட்டால் பிழைத்துவிடுவாள், இதற்குமேல் ஒரு சொட்டு தவறிப் போனாலும் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் எனக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்து, நனைத்துப் பிழிந்து உதட்டைத் துடைக்கலாம் என்று அனுமதித்தார். நான் அதை நனைத்து முறுக்கிப் பிழிவேன். ஈரம் இருக்கும், சொட்டு இருக்காது. உதட்டில் வைத்ததும் அவள் துணியைப் பல்லால் கவ்விச் சப்புவாள். உருவி எடுப்பது பெரும் பாடு. பிழியும்போது கொஞ்சம் தளர்த்திப் பிழிந்தால் என்ன என்று கை கேட்கும். ஒவ்வொரு தடவையும் கேட்கும். இன்னும் ஒருமுறை முறுக்கிவிட்டுத்தான் போவேன்.

பக்கத்துக் கட்டிலில் கெங்கவல்லிப் பக்கத்து அம்மாள் ஒருவர், வயதானவர். அவருக்கும் இதே நோய், இதே உத்தரவு. கூட இருந்தது அவருடைய மருமகள். வாய் ஓயாத பெண். அந்த வார்டில் எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது அவள் பேச்சுத்தான்.

"எங்க அத்தைய கேளுங்க டீச்சர்" என்பாள். "தண்ணி வேணாமாம், வெத்தல வேணுமாம். டாக்டரு முழுங்கத்தான கூடாதுன்னாங்க, வெத்தலைய நான் முழுங்கவா போறேன், துப்பத்தான போறேன்னு எங்கிட்ட சட்டம் பேசுது. வாய் கோணிக்கிச்சு, நாயம் மட்டும் கோணல."

அந்த அம்மாள் கோணிய வாயோடு மருமகளை ஏதோ திட்டினார். "பாத்தீங்களா, இது மட்டும் தெளிவா வருது" என்றாள் அவள்.

அந்த நாட்களில்தான் சம்பந்தியம்மாள் வந்தார். மகனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, பஸ் மாறி, தங்கள் தோட்டத்துச் செவ்விளநீரைச் சீவிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷி. என் மகளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுது முடித்துவிட்டு இளநீரைக் கண் திறந்து டம்ளரில் ஊற்றினார். மகளின் கண் அந்த டம்ளரை விட்டு நகரவில்லை. இடது கை தானாக எழுந்தது.

"தண்ணி."

"இந்தா கண்ணு, உனக்குத்தான் கொண்டாந்தேன்."

"வேண்டாமுங்க சம்பந்தி" என்றேன். "வாய் வழியாக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லீருக்காங்க."

"எளநியுமா?"

"எதுவுமேங்க."

"என்ற மருமவ வாய் தொறந்து தண்ணி கேக்கறா. பெத்தவ நீங்க பாத்துட்டு நிக்கறீங்க. அந்த டாக்டரு புள்ள பெத்தவளா, கேட்டீங்களா?"

"காய்ச்சல் அடிக்குதுங்க. நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருச்சு. இன்னொருக்கா போச்சுன்னா..."

"ஒரு வாய்ல என்னத்தப் போயிருது? உசுரு போறவங்களுக்கே ஊத்தறம்."

அந்தச் சொல்லை அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை, பதற்றத்தில் வந்தது. டம்ளரோடு குனிந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பெண் கொடுத்தவர்கள் சம்பந்தியின் கையைப் பிடித்துத் தடுப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். அவர்கள் உட்காரச் சொன்னால்தான் எதிரில் உட்காருவோம். இளநீர் என் புடவையிலும் கட்டிலிலும் கொட்டியது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"கைய விடுங்க" என்றார்.

"டம்ளரக் கீழ வெய்யுங்க, விட்டர்றேன்."

வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். "புள்ளைக்குத் தண்ணி குடுக்காத தாய இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அறியாமல் சொன்னது. இளநீர் விஷயத்தில் அது தவறு, மேற்கு அறை விஷயத்தில் சரி. ஆனால் அங்கே நடந்ததை அவர் ஒன்றும் தடுத்திருக்கப் போவதில்லை, அவர் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கும். இதையெல்லாம் நினைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினால், மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கையைக் கீழே போட்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் தண்ணீர் கேட்கவில்லை. நர்ஸிடம் கேட்டாள். கெங்கவல்லிப் பெண்ணிடம் கேட்டாள். பெருக்க வந்தவர்களிடம் கேட்டாள்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. டாக்டர் தினமும் வந்து இரண்டு கட்டிலிலும் அதே ஸ்பூனும் அதே இரண்டு விரலுமாகப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு காலை, பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு நன்றாக இறங்கியது. குரல் மாறவில்லை. டாக்டர் சொன்னதன் பேரில் மருமகள் காபி வாங்கிவந்து, ஆற்றி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். "வெத்தல அப்பறம், மொதல்ல இதக் குடி" என்றாள். அதே உத்தரவு, அதே நோய், அடுத்த கட்டில். என் மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். காபி கீழிறங்குவதை, டம்ளர் காலியாவதை, பிறகு என்னை.

"உனக்கும் குடுப்பாங்க சாமி, இன்னும் ரெண்டு நாளு" என்றேன். அவளுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பேச்சு போனதுபோலவே நாம் பேசுவதும் அவளுக்குப் பாதிதான் எட்டுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நுரையீரல், குழாய், பரிசோதனை, இவை எதுவும் அவளுக்குள் போயிருக்காது. நான் கொடுக்கவில்லை என்பது மட்டும் போயிருக்கும். அதற்கு வார்த்தை தேவையில்லையே. மேற்கு அறையில் மறுத்ததையும் வார்டில் மறுத்ததையும் அவள் எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்? ஒரே ஆள், ஒரே தலையாட்டல். முதலில் மறுத்தது அவளைப் படுக்கையில் தள்ளியது. பின்னால் மறுத்தது அவளைக் காப்பாற்றியது. இதை நான் அவளுக்கு விளக்க வேண்டுமானால் முதலாவதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது அவளால் பேச முடிகிறது. நிதானமாக, சொல்லைத் தேடித் தேடி. மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். சம்பந்தியம்மாள் அவளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், என்னிடம்தான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. வலது கை முழுதாக வரவில்லை. பையனுக்கு இடது கையால் சோறூட்டப் பழகிக்கொண்டாள். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மேற்கு அறை நாட்கள் எதுவும் தனக்கு நினைவில்லை என்கிறாள். ஆஸ்பத்திரி கொஞ்சம் நினைவிருக்கிறதாம். என்ன நினைவிருக்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்க நினைத்துப் போய், பையனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

குழாய் எடுத்த நாளைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம், பார்வையாளர் நேரம். என் கணவர் வந்திருந்தார். டாக்டர் மகளை நிமிர்த்தி உட்கார வைத்தார். இருமச் சொன்னார். இருமினாள், பலமாகவே. ஸ்பூனில் தண்ணீர் விட்டு, தொண்டையில் விரல் வைத்தார். ஏறி இறங்கியது. "ஆ" என்றாள். அவளுடைய குரல். எத்தனையோ நாளாகக் கேட்காத, என் மகளின் குரல். இன்னொரு ஸ்பூன். மறுபடியும் அதே குரல்.

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஒரு சின்ன டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களே குடுங்கம்மா. இவ்வளவு நாளா நீங்கதான் காவல் இருந்தீங்க. வாய் வாயா, நிதானமா. இது ஒழுங்கா இறங்கினா குழாயை எடுத்துடலாம்."

டம்ளரை அவள் உதட்டில் வைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"குடி சாமி. இப்பக் குடிக்கலாம்."

உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் தாடையில் வழிந்தது. டாக்டர் உடனே குனிந்து அவள் வாயைப் பார்த்தார். "என்னாச்சு? உதடு சரியாச் சேருதே. டம்ளர்ல குடிக்க வரலையா?" நர்ஸைப் பார்த்து, "அப்ப இன்னும் கொஞ்ச நாள் குழாய் இருக்கட்டும்" என்றார்.

அவருக்குத் தெரியாது. விழுங்க வராமல் இல்லை. எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றேன். டம்ளரை என் கணவர் கையில் கொடுத்தேன். "நீங்க குடுங்க."

"நானுங்களா? எனக்குப் பயமா இருக்குது" என்றார் அவர்.

"குடுங்க."

கட்டிலை விட்டு நகர்ந்து, அவள் கண்ணில் படாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். வெளியே வேப்பமரத்தடியில் ஆட்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் கணவரின் குரல் கேட்டது. "அம்முணி, அப்பன் தாரேன், குடிச்சுக்க." கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விழுங்குகிற சத்தம். டாக்டர், "மோவாயைக் கீழ வெச்சுக்கோ... அப்படித்தான்... ஆ சொல்லு" என்றார். அவள் சொன்னாள். தெளிவாக இருந்தது. மறுபடியும் விழுங்கினாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். டம்ளர் காலியாகும் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.